ஒரு லிட்டர் தண்ணீர்

"மூணு கிலோ இருநூறு" என்று நர்ஸ் உரக்கச் சொன்னார். வரிசையில் நிற்கும் மற்ற தாய்மார்களுக்கும் கேட்கட்டும் என்பது போல.

பிறந்தபோது மூன்று கிலோ நூறு. முப்பத்தைந்து நாளில் ஏறியது நூறே கிராம்.

"ஏம்மா, பிள்ளைக்குப் பால் குடுக்கிறியா, இல்ல காட்டிட்டு எடுத்துக்கிறியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவன் மனைவி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரே பொத்தானை மூன்று முறை தவறவிட்டாள்.

போன தடவை அவள் அம்மாவோடு வந்திருந்தாள். அப்போதும் இதே பேச்சுதான். அன்றிலிருந்து இரவு பகல் பார்க்காமல் பிள்ளையை மார்பிலேயே போட்டுக்கொண்டு கிடந்தாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். "எனக்குத்தான் ஏதோ கோளாறு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதனால்தான் இன்று அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தான்.

அவன் குழந்தையைப் பார்த்தான். மணிக்கட்டில் மடிப்பு விழுந்திருந்தது. கன்னம் சதைபிடித்துத் தொங்கியது.

"உங்க மெஷின் தப்பு" என்றான்.

நர்ஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆமா, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

கல்லூரியில் வேதியியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன் அவன். உருப்படியாகத் தலையில் ஏறியது முதல் மாதப் பாடம் மட்டும்: நிறை, கனஅளவு, அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அது யார் வீட்டுத் தண்ணீராக இருந்தாலும் சரி.

வாசல் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து எடைத்தட்டில் வைத்தான்.

எண்ணூற்று எண்பது.

வரிசை எட்டிப் பார்த்தது. நர்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாட்டிலோட சேர்த்து ஆயிரத்துக்கு மேல காட்டணும். இது எல்லாத்தையும் குறைச்சுக் காட்டுது. நம்ம பிள்ளை மூணு எழுநூறுக்குக் குறையாது" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னான். "உன் பால்ல ஒரு குறையும் இல்ல."

அவள் தலை நிமிர்ந்தாள். அந்த முகத்தை அவன் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"தம்பி" என்றார் நர்ஸ். "இதைச் சோதிக்கவே தனியா ஆள் இருக்காங்க. கல்லு வச்சுப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கு. அவங்க சொன்னதை நம்புறதா, உங்க தண்ணி பாட்டிலை நம்புறதா?"

இயந்திரத்தை அவன் பக்கம் திருப்பினார்.

பச்சை நிற ஸ்டிக்கர். கோணலாக ஒட்டியிருந்தது. 'சோதிக்கப்பட்டது. சரி.' நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே ஒரு கையெழுத்து: ஒரு சுழி, அதிலிருந்து மீன்வால் மாதிரி ஓர் இழுப்பு.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் காத்திருந்தார். வரிசை காத்திருந்தது. மனைவி அவன் வாயையே பார்த்தாள்.

"பாட்டில்ல கொஞ்சம் குடிச்சிருப்போம்" என்றான்.

"அப்படிச் சொல்லுங்க."

மனைவியின் தலை மெல்லக் குனிந்தது. அவன் கண்ணில் அது படாமல் இல்லை.

நர்ஸ் குழந்தையின் அட்டையை இழுத்து, 'தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால் தொடங்கவும்' என்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். பிறகு பேனாவை அவனிடம் நீட்டினார்.

"அப்பா இதுல ஒரு கையெழுத்து."

மேல் வரியில் போன மாதத்துக் கையெழுத்து இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவனிடம் வாங்கியது. ஒரு சுழி, ஒரு மீன்வால்.

நான்கு மாதத்துக்கு முன், அந்த ஸ்டிக்கரில் தேதி போட்ட அன்றைக்கு நல்ல மழை. பதினொரு சுகாதார நிலையங்கள், பதினொரு எடை மெஷின்கள். நகரத்தின் பதினொரு மூலைக்கும் எவன் அலைவான்? எடைக்கற்கள் இருந்த பெட்டி வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் பதினொரு ஸ்டிக்கரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொள்ளட்டும்.

மேல் வரியைக் கட்டை விரலால் மூடிக்கொண்டான். பேனா பழக்கத்தில் சுழிக்கப் போனது. நிறுத்தினான். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுதினான்.

மனைவி அந்தக் கட்டை விரலைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை பச்சை ஸ்டிக்கருக்குப் போய் அங்கேயே நின்றது.

குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். கனமாகத்தான் இருந்தது.

எடைத்தட்டிலிருந்த பாட்டிலை எடுத்தாள். நர்ஸுக்கு நேராக நின்று மூடியைத் திருகினாள்.

மூடிக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் வளையம் அறுபட்ட சத்தம் வரிசையின் கடைசிவரை கேட்டது.