சிதம்பரத்தில் ஒரு சம்மதம்

“அப்பா, சுரங்கம் சுரங்கம்னு பேசியே அவுங்கள பஸ் ஏத்தி அனுப்பிடாதீங்க” என்று கதிர்வேல் காதோடு சொன்னான்.

தில்லைநாதன் தலையாட்டினார். ஆனால் தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் இடிந்த சுவரைப் பார்த்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பழைய கோட்டை, பாழடைந்த மண்டபம் என்று விடை தெரியாத எதைக் கண்டாலும் அங்கேயே நின்றுவிடுவார்.

“இங்கேருந்து கடலுக்கு அடியில ஒரு சுரங்கம் போவுதுன்னு சொல்றாங்க.”

“போய்ட்டு வந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார் புஷ்பவள்ளி.

“இல்லீங்க.”

“அப்போ சொன்னவங்களுக்கு எப்படித் தெரியும்?”

புஷ்பவள்ளியின் மகள் அறிவுமதி கதிர்வேலைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

பெண் பார்ப்பதை வீட்டில் வைக்க வேண்டாம் என்பது அறிவுமதியின் யோசனைதான். கீரப்பாளையத்தில் வைத்தால் தெருவே வாசலில் வந்து நிற்கும். பிடிக்காமல் போனால் பேச்சு மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு நாள் காரில் சுற்றுவது, பழைய இடங்களைப் பார்த்துக்கொண்டே பேசுவது, சாயங்காலம் சிதம்பரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு முடிவைச் சொல்வது என்று போனிலேயே பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மனசு ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு என்று பெரியவர்கள் இருவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பிச்சாவரத்தில் இறங்கியதும் அறிவுமதி, “ரெண்டு படகா எடுத்துக்கலாம். தனியா இருந்தாத்தானே மனசு விட்டுப் பேச முடியும்?” என்றாள். பெரியவர்கள் ஒன்றில் ஏறினார்கள், இவர்கள் மற்றொன்றில்.

இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நின்றன. எந்த வாய்க்காலைப் பார்த்தாலும் இப்போதுதான் கடந்து வந்தது போலவே இருந்தது.

“பொண்ணு பாக்க வந்தீங்களா தம்பி?” என்றார் படகுக்காரர்.

“ஆமாண்ணே.”

“பேசுங்க, பேசுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று சிரித்துவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

அறிவுமதி தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள். “அப்பா தவறினப்போ நான் அஞ்சாவது படிச்சிட்டிருந்தேன். அம்மா நர்ஸ் வேல பாத்து ஒத்தையா என்னை ஆளாக்குனாங்க. நாளைக்கு உங்க சொந்தக்காரங்க யாராவது ஒரு வார்த்தை தப்பா சொன்னா என்னால தாங்க முடியாதுங்க.”

“சொல்ல விட மாட்டேன்” என்றான் கதிர்வேல். “எங்கம்மா போனதுலேர்ந்து முதுநகர் வீட்டுல டிவி சத்தம் மட்டுந்தான் கேக்குது. நான் சென்னையில கெடக்குறேன். அந்த வீட்டுல மறுபடி சிரிப்புச் சத்தம் கேக்கணும். என் ஆசை அவ்வளவுதான்.”

அவள் பதில் சொல்வதற்குள் மரங்களுக்கு அப்பாலிருந்து குரல்கள் வந்தன.

“இடது பக்கந்தாங்க போவணும்!”

“அங்கதான் ரெண்டு தடவ போய் முட்டிக்கிட்டு வந்தோமே! தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாருங்க!”

“இது எங்கப்பா வேலதான்” என்று கதிர்வேல் தலையில் கை வைத்தான். “வழியச் சொல்லாதீங்க, நாங்களே கண்டுபிடிக்கிறோம்னு படகுக்காரர்கிட்ட சவால் விட்டிருப்பாரு.”

“போச்சு” என்றாள் அறிவுமதி. “அம்மாவுக்குக் கோவம் வந்துட்டா எல்லாம் போச்சு.”

இவர்கள் கரைக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் படகு வந்தது. துடுப்பு புஷ்பவள்ளியின் கையில் இருந்தது. தில்லைநாதனின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. படகுக்காரர் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கார் சிதம்பரத்துக்குக் கிளம்பியது. புஷ்பவள்ளி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிவுமதி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு தூரம் வந்து, ஒரு படகுச் சண்டையில் எல்லாம் முடிந்துவிடுமா?

கோயிலில் ரகசியம் பார்க்கக் கூட்டம் நெருக்கியது. திரை விலகியது. வெறும் வெளியில் தங்க வில்வ மாலைகள் தொங்கின. தில்லைநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகனைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

“ஏன், இதப்பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றார் புஷ்பவள்ளி.

“ஜாஸ்தி பேசுறேன்னு பையன் திட்டுவான்.”

“அவர் கெடக்குறாரு. நீங்க சொல்லுங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு.”

கதிர்வேலும் அறிவுமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தரிசனம் முடிந்து பெரியவர்கள் குளத்துப் படியில் உட்கார்ந்தார்கள். இவர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

“எனக்குச் சம்மதம்” என்றான் கதிர்வேல். “உங்களுக்கு?”

அறிவுமதியின் கண் கலங்கியிருந்தது. “எனக்கும்.”

இருவரும் சேர்ந்தே படியிறங்கினார்கள். “அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம். இனிமே நீங்கதான் சொல்லணும்” என்றாள் அறிவுமதி.

புஷ்பவள்ளி குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து தில்லைநாதனைப் பார்த்தார்.

“ரிஜிஸ்டர் ஆபீசுலயே வெச்சுக்கலாங்க. இந்த வயசுல மணவறையில உக்கார எனக்குக் கூச்சமா இருக்கும்.”

தில்லைநாதன் முகமெல்லாம் சிரிப்பாக, இன்னும் காயாத வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.

கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவுமதியின் பக்கம் திரும்பினான். “வா தங்கச்சி, நம்ம அப்பா அம்மாவுக்கு ரெண்டு மாலை வாங்கிட்டு வரலாம்!”