மாமனாரின் அப்பா

விளக்கை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் அவள் கணவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

நெற்றியில் சந்தனப் பொட்டு. கழுத்தில் ரோஜா மாலை. தலைக்கு மேல் சிவப்பு சீரியல் பல்பு.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் பட்டு வேட்டியில் அவனே நின்றான். அவன் கழுத்திலும் மாலை இருந்தது. அவள் தாலிக்கயிற்றில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை.

சொல்ல மறந்துவிட்டேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

படத்துக்குக் கீழே பெயரும் எழுதியிருந்தது. சென்னியப்பன். கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர்தான். இங்கே கூடவே மறைந்த வருடமும் இருந்தது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஊர் வழக்கம். பேரன் முகத்தைத் தாத்தாவுக்கு வைத்த வீட்டை இப்போதுதான் பார்க்கிறாள்.

மாமியார் காதோரம் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எவனோ சொன்னதை நம்பியவராம் தாத்தா. கேமராவைக் கண்டால் காத தூரம் ஓடுவாராம். சொந்தக் கல்யாணத்தில்கூடப் படத்துக்கு நிற்கவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த மனுஷன் இருபத்தாறு வயதில் காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

அப்போது மாமனார் தொட்டில் பிள்ளை.

அப்பா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தார். அவரை வளர்க்க அவர் அம்மா மில்லுக்குப் போனாள். எழுபது வயதில் அந்த அம்மாள் கண்ணை மூடியபோது, படம் மாட்ட அவர் இரண்டு ஆணி அடித்தார். ஒன்று சும்மாவே இருந்தது.

பேரன் தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, போன வருடம் மகனை ஸ்டூடியோவுக்கு இழுத்துப் போனார். எண்ணெய் வைத்து வகிடெடுத்து, கறுப்பு வெள்ளையில் ஒரு படம். கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் மாட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் பார்க்கப் பேரனும் பாட்டியுமாக இருந்தார்கள்.

மாட்டியதோடு விட்டாரா? தினம் காலையில் அதன் முன் நின்று மகனைப் பற்றிப் புகார் வாசிக்கிறார். உங்க பேரன் எட்டு மணிக்கு எந்திரிக்கறானுங்கப்பா என்பார். அதே தூங்குமூஞ்சி சட்டத்துக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

"உசுரோட இருக்கறவனுக்கு மாலை வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் கண்ணு," என்றாள் மாமியார். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் அவள்தானாம்.

பாலும் பழமும் வந்தது. சொந்தபந்தம் சுற்றி நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பயமும் வந்தது. மாலைக்குள் இருப்பது எந்தத் தாத்தாவாகவும் இருக்கட்டும். முகம் அவள் புருஷன் முகம்.

"மாலையைக் கழட்டுங்க மாமா. அப்பறம் குடிக்கறேன்."

வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா பாரு என்று ஓர் அத்தை முணுமுணுத்தாள்.

"அது இவனில்ல அம்மணி. எங்கப்பா," என்றார் மாமனார்.

அறுபது வயது மனிதர். அவர் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் டம்ளரைத் தொடவில்லை. தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் தன் அம்மாவைப் பார்த்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றினார். பொட்டைத் துண்டால் துடைத்தார். பல்பின் ஒயரைப் பிடுங்கினார்.

இறங்கி நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பத்தான் வூட்ல இருக்கற ஆளாட்டம் இருக்கறாரு," என்றார்.

அவள் பாலைக் குடித்தாள். ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை அவள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கணவன் அதிசயமாக நேரத்தோடு எழுந்து, வாஷ்பேசினில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படத்தின் முன் வந்து நின்றார்.

இன்றைக்குப் புகார் இல்லை.

"சந்தைக்குப் போயிட்டு வர்றனுங்கப்பா."

சொல்லிவிட்டு நகரவில்லை. மாலை போட்டிருந்தவரிடம் அவர் பதில் எதிர்பார்த்ததில்லை. இன்று நின்றார்.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்க் கணவனின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவன் வாய் நிறைய நுரையோடு முழித்தான். அவள் மாமனாரின் முதுகைக் காட்டினாள்.

அவன் அந்த முதுகைப் பார்த்தான்.

துப்பினான். வாயைத் துடைத்தான். பெற்ற அப்பாவிடம் நிமிர்ந்து நின்று ஒரு வார்த்தை பேசியறியாதவன். குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டான்.

"பாத்துப் போயிட்டு வா சாமி."

மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரிங்கப்பா," என்றார்.