ஆமைப்பாறைப் பாலம்

காலை வெயில் நடு ஆற்றில் கிடக்கும் ஆமைப்பாறையின் முதுகை மினுக்குகிறது. எத்தனையோ தோணிகளை உடைத்த பாறை அது. ரயில் பாலம் கட்ட வந்தவர்கள் அதன் தலைமேலேயே நடுத்தூணை ஊன்றிவிட்டார்கள். ரயில் வேறு பாதைக்குப் போய் நாற்பது வருஷமாகிறது. பாலத்தைப் பிரிப்பதா, நடைபாலமாக்குவதா என்று இன்று சொல்ல வேண்டியவள் பொறியாளர். இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி, ஒவ்வொரு ரிவெட் ஆணியாகச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுக்கிறாள். துருப்பொடி கன்னத்தில் ஒட்டுகிறது. மேலே பழைய இரும்பு வியாபாரி பரபரக்கிறார். "எல்லாம் உளுத்துப் போச்சும்மா. கையெழுத்தப் போடுங்க, ஒரே மாசத்துல பிரிச்சிடுறேன்." "தோல்தான்ணே துரு. உள்ள எலும்பு கெட்டியா இருக்கு." அக்கரை மருத்துவமனைக்குப் போக வேண்டிய நர்ஸ் கரையில் சைக்கிளோடு நிற்கிறாள். சுற்றுவழியில் போனால் தினமும் ஒரு மணி நேரம். "நிக்குமா தங்கச்சி?" என்று கத்துகிறாள். "நமக்கப்புறமும் நிக்கும்க்கா!" பொறியாளர் ஏறி வந்து சுத்தியலை வியாபாரியிடம் நீட்டுகிறாள். இரும்போடே நரைத்தவர் அவர். குனிந்து ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். கணீரென்ற ஓசை தண்ணீர் மேல் ஓடி அக்கரையைத் தொடுகிறது. அது அடங்கும்வரை அவர் நிமிரவில்லை. "நல்ல இரும்பு," என்கிறார், பெருமூச்சும் சிரிப்புமாக. "நான் வாங்க மாட்டேன்."