திங்கள் காலை யாருக்கு?

அக்காவின் அம்மாவைத் தீர்த்துக்கட்ட ஒரே ஒரு பொத்தான் போதும். அவன் விரல் அதன் மேல் இருந்தது.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரி. அவன் லீவு போட்ட நாளெல்லாம் அவன் வேலையையும் முணுமுணுக்காமல் இழுத்துப் போட்டுச் செய்தவள்.

ஆபரேஷன் அட்டவணை ஒரு ஹாஷ் டேபிள், பெயர் ஒட்டிய பெட்டிகளின் வரிசை மாதிரி. 'திங்கள் காலை' என்பது கீ, அதாவது பெட்டியின் பெயர்; அதற்குள் ஒரே ஒரு நோயாளி எண். ஏற்கெனவே இருக்கும் கீயில் புது எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் சண்டைக்கு வராது. பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

கண் டாக்டர் மாதம் ஒரு முறைதான் வருவார். திங்கள் காலை அக்காவின் அம்மாவுக்கு. அவன் மகளுக்கு அடுத்த மாதம். அதுவரை குழந்தையின் பார்வை தாங்காது என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார்கள்.

மகளின் எண்ணைத் தட்டினான். 'பழைய எண்ணைப் பார்க்க வேண்டுமா?' என்று மட்டும் கேட்டது திரை. யாரை வெளியே தள்ளுகிறோம் என்று கண்ணால் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. 'வேண்டாம்' என்று அழுத்தினான்.

முடிந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" அக்கா உள்ளே வந்து பையை மேஜை மேல் வைத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. அம்மா எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன. நேத்து கதவைத் திறந்ததும், கண்ணு சரியா தெரியாம யாரோ விருந்தாளின்னு நினைச்சு என்னையே 'வாங்க, உக்காருங்க'ன்னாங்க. வீட்டுல எனக்கு இப்பதான் மரியாதையே கிடைக்குது."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அக்கா, நான் ஒரு தப்பு பண்ணி..."

"இரு, நான் பண்ணதை முதல்ல சொல்லிடறேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நேத்து நீ போன்ல அழுததைக் கேட்டேன். டாக்டர்கிட்ட பேசி, சாயங்காலமே அம்மாவை அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு, திங்கக்கிழமைக்கு உன் பொண்ணு நம்பரைப் போட்டுட்டேன்."

பார்க்க மறுத்த பழைய எண் யாருடையது என்று அவனுக்கு இப்போது புரிந்தது. அவள் அவன் தோளைத் தொட்டாள்.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம கை வச்சுட்டேன்டா, மன்னிச்சுக்கோ."