திட்டு நிற்காத வீடு

"செருப்புக் காலோட கட்டில்ல ஏறாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? காது எங்கே, கழற்றி ஆணியில மாட்டிட்டியா?"

அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவனை இந்தக் கோடியிலிருந்தே நிறுத்திவிடுகிற குரல் அது. இந்தச் சின்ன அறைக்குள் அது அடங்கவில்லை. ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த வாலு, செருப்புக் காலை இன்னும் வேகமாக ஆட்டினாள். அவளுக்கு ஏழு வயது. மருந்து அவள் தலைமுடியை முதலில் எடுத்துக்கொண்டது, அப்புறம் புருவத்தை.

"காது இருக்கு. முடிதான் இல்லை."

"வாயும் இருக்கு. வண்டி வண்டியா இருக்கு. இறங்குடி கீழே!"

கை நிறையப் பொம்மைகளோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அத்தை, வாசலிலேயே நின்றுவிட்டாள். பொம்மைகளை நாற்காலியில் போட்டுவிட்டு, தம்பி மனைவியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? நாளைக்கு மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்க்கணும். போன மருந்து கேட்கலை. புது மருந்தாவது கேட்குமான்னு டாக்டருக்கே தெரியலை. ரத்தப் புற்றுநோயோட கிடக்கிற பிள்ளையைப் போய் இப்படிக் கத்தறியே!"

"அவ எங்கே அண்ணி கிடக்கிறா? கட்டில்ல குதிக்கிறா. அதான் கத்தறேன்."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. என் தம்பி வாயில்லாப் பூச்சி, உன்னை ஒண்ணும் கேட்க மாட்டான். நான் கேட்பேன். இன்னிக்கு ஒரு நாளாவது அவ இஷ்டத்துக்கு விட்டுத் தொலையேன்!"

"விட மாட்டேன்."

"அப்போ நாளைக்கு ஆஸ்பத்திரியில அவகூட நான் இருந்துக்கறேன். நீ வா, பாரு, போ. அங்கேயும் வந்து பிள்ளையை வதைக்க வேணாம்."

அம்மா அடுப்பைச் சிறியதாக்கினாள். குரல் முதல் முறையாகத் தணிந்தது.

"வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான் அண்ணி. அவங்க அப்பாவும் என்னை மாதிரிதான். இட்லி மாதிரி உப்பிட்டு உட்கார்ந்திருக்காதே, சாப்பிடுடான்னு எந்நேரமும் சத்தம். ஒருநாள் டாக்டர் அவரைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். அதுக்கப்புறம் அந்த மனுஷன் கத்தவே இல்லை. பையன் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தார், கேட்காததையும் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள்லயே கட்டில் காலி."

அத்தை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இவ எல்லாத்தையும் பார்த்துட்டே இருந்திருக்கா. வீட்டுக்கு வர்ற வழியில, ரொம்பச் சாதாரணமாக் கேட்கிறா, 'அம்மா, நீ என்னைத் திட்டறதை எப்போ நிறுத்துவே?'"

அம்மா நிமிர்ந்தாள்.

"நிறுத்த மாட்டேன் அண்ணி. அந்த நோய் என்ன வேணும்னாலும் பண்ணிட்டுப் போகட்டும். அதுக்கு மரியாதை கொடுத்து என் குரலை மட்டும் இறக்க மாட்டேன். இவ வளர்ந்து, என்னை எதிர்த்துப் பேசி, கதவைப் படார்னு சாத்திட்டுப் போவா பாருங்க, அதுவரைக்கும் திட்டுவேன். அதுக்கப்புறமும் திட்டுவேன்."

சொல்லிவிட்டு, "முகம் கழுவிட்டு வர்றேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். குழாய் சத்தமாகக் கொட்டத் தொடங்கியது.

அத்தை மெல்ல அறைக்கு வந்தாள். வெயில் தரையில் ஒரு சதுரமாகப் படுத்திருந்தது. வாலு அதன் நடுவே உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்மேல் அடுக்கினாள்.

"பயமா இருக்கா கண்ணு?"

வாலுவின் கை நின்றது. "ஏன் அத்தை மெதுவாப் பேசறீங்க? டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒ... ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை! பல் தேய்ச்சியாடி, கழுதை?"

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்குத் திட்டவே வரலை அத்தை. அம்மாகிட்ட டியூஷன் போங்க!"

அத்தையும் சிரித்துவிட்டாள். குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

வாலுவின் சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அம்மா உள்ளே போய் ரொம்ப நேரமாச்சா?"

"முகம் கழுவறாம்மா."

வாலு எழுந்தாள். பார்த்துப் பார்த்து அடுக்கிய துணிகளை இரண்டு கையாலும் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளினாள்.

"அடியே! மடிச்சதை நீயே ஏன்டி..."

வாலு உதட்டில் விரல் வைத்தாள். அத்தையின் காதருகே எக்கிச் சொன்னாள்:

"இல்லேன்னா உள்ளேயே அழுதுட்டு இருப்பாங்க அத்தை. திட்ட ஏதாவது கிடைச்சாத்தான் வெளியே வருவாங்க. அதுக்குத்தானே நான் தினமும் இவ்ளோ சேட்டை பண்றேன்?"

பிறகு குளியலறைப் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கொஞ்சமும் குறையாத குரலில் கத்தினாள்: "அம்மா! துணியெல்லாம் நான்தான் தள்ளிவிட்டேன்!"

உள்ளே குழாய் நின்றது.