முழுசாச் சொல்லு

"ரமணி, வத்தக்குழம்புக்கு முதல்ல கடுகா, வெந்தயமா?"

ரமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் பார்க்கில் பாதிச் சுற்றுகூட ஆகவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார் அவள் கணவர் சம்பந்தம்.

"கடுகு."

"அப்படிச் சொன்னா எப்படி? அடுப்புல சட்டி வைக்கிறதுலேர்ந்து முழுசாச் சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த மனிதர். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் தட்டைத் தள்ளி வைப்பாரே தவிர, ஒரு வார்த்தை பேச மாட்டார். ரமணிக்கு இதய ஆபரேஷன் முடிந்து, தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், கூடவே கிளம்பி வந்து உயிரை வாங்குகிறார். சொல்கிற பதிலைக் காதில் வாங்குகிறாரா என்றால் அதுவும் இல்லை. நேற்றும் இதே வத்தக்குழம்புதான்!

எதிரே வந்த பக்கத்து வீட்டு பிரசாத் சிரித்தார். "ஏமண்டி சம்பந்தம்காரு, ரேடியோ ஆன் ஆயிந்தா?"

ரமணிக்கு மானம் போயிற்று.

"நக்கோங்க, வேண்டாம்! என்னைக் கொஞ்சம் நிம்மதியா நடக்க விடுங்களேன்."

"சரி, குழம்பை விடு. உன் தங்கச்சி கல்யாணத்துல என்னென்ன டிபன் போட்டாங்க?"

இனி என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள் ரமணி. நடையையும் எட்டிப் போட்டாள்.

"ரமணி, டிபன்?"

பதில் இல்லை.

"ரமணி!"

அதற்கும் இல்லை.

சம்பந்தம் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பிரசாத்காரு, ஆட்டோ! சீக்கிரம்!"

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்லைங்க! உங்க தொல்லை தாங்காமத்தான் பேசாம வந்தேன்."

சம்பந்தம் அப்படியே அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். இப்போது அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"நடக்கும்போது தடங்கலில்லாமப் பேச முடிஞ்சா பயமில்லை, பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கினா உடனே நிறுத்திடணும்னு டாக்டர் சொன்னார். அதான் உன்னைப் பேச வைக்கிறேன்."

"அதை என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா, மூச்சு முட்டினாலும் அடக்கிக்கிட்டுப் பேசிக் காட்டுவே. நெஞ்சு வலியையே வாயுத் தொல்லைன்னு சொல்லி, மயங்கி விழற வரைக்கும் எனக்குச் சமைச்சுப் போட்டவதானே நீ?"