அவர் வருவதற்குள்

“பாக்கறதைச் சீக்கிரம் பாத்துட்டு எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. அவர் வர்றதுக்குள்ள கிளம்பிடணும்.”

கேட்டை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். விளம்பரத்தைப் பார்த்துச் சின்ன லாரியோடு வந்திருந்தவன் ஒரு நிமிஷம் தயங்கினான்.

“திருட்டு வண்டி இல்லையேக்கா?”

“எங்க வண்டிதான். புத்தகம்கூட என் பேர்லதான் இருக்கு. வீட்டுக்காரருக்குத் தெரியாம விக்கறேன், அவ்வளவுதான். கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருக்காரு. பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவாரு.”

மணி பத்தேகால். தெருவில் ஏதோ ஆட்டோ போகும் சத்தம் கேட்டதற்கே அவள் கேட் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

கொட்டகைக்குள் அந்தச் சின்ன டிராக்டர், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி நின்றிருந்தது. வந்தவன் டேப்பை எடுத்துச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தான். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணரை ஏக்கர்க்கா, பூரா மரம். கடையில ரெண்டு வண்டி பாத்தேன். ஒண்ணு ரொம்ப அகலம், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல நுழையாது. இன்னொண்ணுல புகைக்குழாய் நட்டுக்கிட்டு நிக்குது, கிளையெல்லாம் அதுலதான் மாட்டும். இதுன்னா வளைச்சு வளைச்சுப் போகலாம்.”

‘அப்ப எடுத்துக்கோங்க’ என்று அவள் முடித்திருக்கலாம். முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இவன் ஓடிவிடுவானோ என்று ஒரு பயம். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்குமே என்று அதைவிடப் பெரிய பயம்.

“தம்பி, இது ஒரு தடவை கவுந்த வண்டி. அவர் அடியில மாட்டிக்கிட்டாரு.”

இருக்கைக்குப் பின்னால் வளைவாக நின்ற இரும்புக் கம்பியை அவள் தொட்டுக் காட்டினாள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் தாங்குவதற்காக வைத்த கம்பி அது. “தோப்புல தாழ்ந்த கிளை இடிக்குதுன்னு இதை மடக்கிவிட்டுட்டு ஓட்டினாரு. அதான்.”

அவன் அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

“நான் அடுப்படியில இருந்தேன். வண்டிச் சத்தம் நகராம ஒரே இடத்துல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நின்ன இடத்துல ஏதோ வேலை பாக்கறாருன்னு நினைச்சேன். அரை மணி நேரம் உக்காந்து வெங்காயம் உரிச்சேன் தம்பி.”

“விடுங்கக்கா. அந்த மழை ஈரத்துல, அந்தச் சரிவுல, எந்த வண்டியா இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும்.”

“இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்காரு. முதல் அடி எடுத்து வச்ச அன்னிக்கே கொட்டகைச் சாவி எங்கன்னு கேட்டாரு. வித்துடலாம்னு சொன்னா, என்னையும் சேத்து வித்துடுங்கறாரு. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.”

அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர்தான்.

அவள் பதறிக் கையை ஆட்டினாள். அவன் சட்டென்று வண்டியை அணைத்தான். எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, எடுக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று எடுத்தாள்.

“டாக்டர் இன்னும் வரலை. நான் வர ஒரு மணி நேரம் தாமதமாகும். நீ சாப்பிட்டுடு” என்றார் அவர்.

முன்பின் பார்த்திராத அந்த டாக்டர் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று அவள் மனதார வாழ்த்தினாள்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அவன் பேரம் பேசவில்லை, அவளும் விலையைப் பெரிதாக நினைக்கவில்லை. லாரியின் பின்பக்கம் இரண்டு பலகைகளைச் சாய்த்து, வண்டியை மெதுவாக மேலே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான்.

கிளம்பும்போது அவள் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு தம்பி. கிளை எவ்வளவு தாழ்வா இருந்தாலும் கிளையை வெட்டுங்க, கம்பியை மடக்காதீங்க. எனக்காக ஒரு சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியமா நான் மடக்க மாட்டேன்க்கா” என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

லாரி போன பிறகு காலியான கொட்டகையில் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். இன்றைக்கு அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். குதிக்கட்டும். கத்தித் தீர்க்க ஆள் உயிரோடு இருக்கிறாரே, அது போதும். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

தெருமுனை திரும்பியதும் லாரி ஓரமாக நின்றது. அவன் போனை எடுத்தான்.

“அண்ணே, உங்க வண்டியை எடுத்துட்டேன், அண்ணிக்குச் சந்தேகமே வரல, தோப்புக்குப் பின்பக்கமா வந்து நில்லுங்க.”